டம்ளரில் மிச்சம்

கொல்லிமலை அடிவாரத்து ஊர் ஒன்றில் வஞ்சியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். பூவிலும் இலையிலும் பழத்தோலிலும் டீ போட, தன் வீட்டுச் சமையலறையிலேயே கற்றுக்கொடுத்தாள். தேயிலை அந்த வீட்டில் பேருக்குக்கூடக் கிடையாது. ஆனாலும் ஊரில் எல்லோரும் அதை டீ என்றுதான் சொன்னார்கள். அவளும் திருத்தப் போகவில்லை.

வருகிறவர்களில் பாதிப் பேர் தொப்பையைக் குறைக்க வந்தவர்கள், மீதிப் பேர் சர்க்கரையைக் குறைக்க வந்தவர்கள். போனில் வந்த குறிப்பை நீட்டி, இதைக் குடித்தால் இளைத்துவிடலாமாமே என்பார்கள். தாராளமாகக் குடிக்கலாம், சோற்றையும் குறைக்க வேண்டும் என்பாள் வஞ்சி. அடுத்த நாள் அவர்களைக் காணோம்.

மாரப்பன் வந்தது அதற்கெல்லாம் இல்லை. அவருக்கு அறுபது வயது, வஞ்சியைவிட நன்றாகவே மூத்தவர். வாலிபம் முழுக்க லாரி ஓட்டிக் கழித்தவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு டீ போடச் சொல்லிக் குடுக்கோணும் அம்மிணி."

"யாருக்குப் போடறதுக்குங்கண்ணா?"

"ஊட்டுக்காரிக்கு. பாவாயின்னு பேரு. வயித்துல கட்டி. ஆஸ்பத்திரியில எல்லாம் பாத்துட்டு, இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போயி பிடிச்சதைக் குடுங்கன்னு சொல்லிட்டாங்க."

"அவங்களுக்கு என்ன பிடிக்கும்?"

மாரப்பன் அடுப்பைப் பார்த்தார். நாக்பூர் போகிற ரோட்டில் எந்தக் கடையில் இஞ்சி தட்டிப் போடுவான், எந்தக் கடையில் பழைய தூளையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். 

"தெரியலீங்க அம்மிணி. நான் ஊட்டுல இருந்ததே கொஞ்சம். எப்பவாச்சும் வந்தா, எனக்குப் பிடிச்சதைத்தான் ஆக்கி வெப்பா."

"அவங்களையே கேக்கலாமே."

"கேட்டேன். ஒண்ணும் வேண்டாம், இப்படி வந்து உக்காருங்கங்கறா. எதை வாயில வெச்சாலும் இரும்புத் துருவை நக்கற மாதிரி இருக்காம். எந்திரிச்சு உக்காரவும் முடியறதில்ல. தலையணை வெச்சுத் தூக்கி விட்டா, பல்லைக் கடிச்சுக்கறா. ஒரு டம்ளர் அம்மிணி. ஒரே ஒரு டம்ளர் அவ முழுசாக் குடிச்சுட்டான்னா எனக்குப் போதும்."

வஞ்சி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காலையில வாங்க. வரும்போது ஒரு பிளாஸ்க் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் பாடம் தொடங்கியது. செம்பருத்தியைக் கொடுத்துப் போடச் சொன்னாள். மாரப்பன் சட்டியில் தண்ணீர் வைத்து, பூவை அள்ளிப் போட்டு, லாரிக்காரர்கள் குடிக்கிற பதத்துக்குக் கொதிக்கவிட்டார். ரத்தம் போல ஒரு நிறம் வந்தது. வஞ்சி அதை வாங்கிச் சாக்கடையில் ஊற்றினாள்.

"ஏன் அம்மிணி? நல்லாத்தானே சாயம் எறங்கியிருக்குது?"

"சாயம் எறங்கிருச்சு. பூ செத்துப்போச்சு. தோலும் வேரும் கொதிக்கலாம். பூவுக்குக் கொதி ஆகாது. தண்ணி கொதிச்சு அடங்கட்டும், அப்புறம் மேல ஊத்தி மூடி வெச்சுட்டுச் சும்மா இருங்க."

"சும்மா இருக்கறதா? எவ்வளவு நேரம்?"

"அது சாரத்தை விடற வரைக்கும்."

சும்மா இருப்பது மாரப்பனுக்கு வரவில்லை. மூடியைத் திறந்து பார்த்தார், கரண்டியால் கிண்டினார், பாத்திரத்தை நகர்த்தி வைத்தார். வஞ்சி கரண்டியை வாங்கி மேடையின் அந்தப் பக்கம் வைத்தாள்.

ருசி பார்க்கவும் கற்றுக்கொடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு மிடறு எடுக்க வேண்டும். நாக்கின் நுனியில் கொஞ்சம், ஓரத்தில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். பிறகு துப்பிவிட வேண்டும். மாரப்பன் முதல் மிடற்றையே முழுங்கிவிட்டார்.

"முழுங்கினா வயிறு பேசும், நாக்கு பேசாது," என்றாள். "இன்னொரு வாட்டி."

ஆனால் அவர் தன் வீட்டில் போட்ட டீயை அவள் ஒரு நாளும் ருசி பார்க்கவில்லை. பிளாஸ்க்கில் போட்டுக்கொண்டு வந்து பெருமையாக நீட்டினார். தள்ளி வைத்துவிட்டாள்.

"போட்டது எனக்கு வேண்டாம். அவங்க குடிச்சதுபோக மிச்சம் இருக்கும்ல, அதைக் கொண்டு வாங்க."

"எச்சிலாச்சுங்களே அம்மிணி."

"போட்டதுல உங்க நாக்குத்தான் இருக்கும். மிச்சத்துலதான் அவங்க நாக்கு இருக்கும்."

இப்படி ஒரு வாத்தியாரை அவர் கண்டதில்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டார். தினம் காலையில் முந்தின நாளின் மிச்சம் பிளாஸ்க்கில் வந்தது. வஞ்சி அதை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு சொட்டு நாக்கில் வைப்பாள். நோயாளியின் எச்சில் என்று அவள் முகம் சுளித்ததே இல்லை.

அன்னாசித் தோலும் சுக்கும் போட்ட டீ வந்தது. முக்கால்வாசி மிச்சம்.

"எப்படி இருக்குதுங்க அம்மிணி?"

"ரெண்டு வாய் குடிச்சிருக்காங்க. ஒண்ணு அவங்களுக்காக. இன்னொண்ணு உங்களுக்காக."

"அப்படின்னா?"

அவள் டம்ளரைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே வேறொன்று கேட்டாள்.

"அவங்க குடிக்கறப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"அடுப்படியிலதான். இது பிடிக்கலீன்னா வேற போட்டுத் தரோணும்ல, அதுக்குத் தண்ணி வெச்சுட்டிருந்தேன்."

எலுமிச்சைப் புல் வந்தது. கொய்யா இலை வந்தது. காய்ந்த நெல்லிக்காய், மாதுளைத் தோல், துளசியும் தேனும் எல்லாம் வந்தன. ஒவ்வொரு நாளும் பிளாஸ்க் கனமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் வஞ்சி அதே கேள்வியைக் கேட்டாள், அவரும் அதே பதிலைச் சொன்னார். எந்நேரமும் அடுப்பருகே நிற்பதைப் பாடத்தின் ஒரு பகுதி என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தன் அக்கறையைச் சோதிக்கிறாள் என்று எண்ணி, ஒருநாள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

"அடுப்பை விட்டு நகர்றதே இல்லீங்க அம்மிணி. நடுவுல கூப்பிடுவா. ஏனுங்க, இங்க வந்து செத்த நேரம் உக்காருங்க, ஒண்ணு சொல்லோணும்பா. இரு இரு, வடிகட்டிட்டு வந்தர்றேன்னு சொல்லிருவேன். கவனம் சிதறக் கூடாதுல்ல?"

வஞ்சி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்ன சொல்லணுமாம்?"

"தெரியலீங்க. நான் டீயோட போறப்போ கண்ணை மூடிட்டிருப்பா. எழுப்பிக் குடுத்துட்டு வந்தர்றது."

சந்தனத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கல்லை மட்டும் பார்க்கிறவரிடம் என்ன சொல்வது? வஞ்சிக்குக் கோபம் வந்தது. அன்று பாடம் எடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

சில நாள் அவர் வரவில்லை. பிறகு ஒரு காலை, கேட்டைத் திறக்கும்போதே அவர் முகம் தெளிந்திருந்தது. பிளாஸ்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"காலி அம்மிணி. செம்பருத்தியில கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் அன்னாசித் தோல். முந்தாநேத்துலருந்து மூணு வேளையும் டம்ளர் காலி. எனக்கு அழுகையே வந்துருச்சு."

"சந்தோஷம். இப்ப எப்படி இருக்காங்க?"

"இப்பக் குரல் போயிருச்சுங்க. நாலஞ்சு நாளாச் சைகைதான். காத்துதான் வருது, பேச்சு வரமாட்டேங்குது." சொல்லிவிட்டு உடனே சேர்த்தார். "ஆனா டம்ளர் காலி."

வஞ்சி கையை நீட்டினாள்.

"கழுவாத டம்ளர் இருக்கா?"

அவர் பையிலிருந்து எடுத்தார். காலையில் பாவாயி குடித்துக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும் என்றார். வஞ்சி அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், அடியைப் பார்த்தாள். விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். டம்ளர் மினுமினுவென்று இருந்தது.

"நாளைக்கு வடிகட்டாமக் குடுங்க," என்றாள். "பூவு, தோலு, இஞ்சி நாரு எல்லாம் அதுலயே கெடக்கட்டும். குடிச்ச டம்ளரைக் கழுவாமக் கொண்டு வாங்க."

"தொண்டையில சிக்காதுங்களா?"

"குடுத்துப் பாருங்க."

மறுநாள் அவர் வரும்போது நடை துள்ளியது. அறுபது வயதுக்காரர் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. டம்ளரை அவள் முன்னால் வைத்தார்.

"மண்டியைக்கூட விடலீங்க அம்மிணி. அடி வரைக்கும் குடிச்சிருக்கா பாருங்க. இனி அவ பொழைச்சுக்குவா."

வஞ்சி பார்த்தாள். உள்ளே ஒரு நார்த் துணுக்குகூட இல்லை. அவள் எழுந்து, அடுப்பில் மூடி வைத்திருந்த பாத்திரத்தை எடுத்தாள். காலையிலேயே போட்டு வைத்திருந்தது. எலுமிச்சைப் புல்லும் அன்னாசித் தோலும் இஞ்சியும் அப்படியே மிதந்தன. வடிகட்டாமல் ஒரு டம்ளரில் ஊற்றி அவரிடம் கொடுத்தாள்.

"குடிங்கண்ணா."

"துப்போணுமா?"

"இன்னைக்குத் துப்ப வேண்டாம். முழுசாக் குடிங்க."

மாரப்பன் குடித்தார். வாசனையாக இருக்கிறது என்றார். பாதிவரை சுகமாக இறங்கியது. அதற்குக் கீழே புல்லும் தோலும் உதட்டில் வந்து இடித்தன. பல்லால் தடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உறிஞ்சினார். இஞ்சி நார் தொண்டையில் சிக்கியது. இருமி, கண்ணில் நீர் வந்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"மிச்சம் வெச்சுட்டீங்களே," என்றாள் வஞ்சி.

"அதை எப்படி அம்மிணி குடிக்கறது? அது சக்கையாச்சே. அதை யாராவது..."

அவர் அத்தோடு நிறுத்தினார். தன் டம்ளரைப் பார்த்தார், பிறகு அதன் பக்கத்தில் பாவாயியின் டம்ளரைப் பார்த்தார். ஒன்றில் விரற்கடை உயரத்துக்குச் சக்கை கிடந்தது. மற்றது துடைத்த மாதிரி இருந்தது.

 பிறகு எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அன்று மதியம் அவர் வழக்கம்போல் டீ போட்டார். தலையணையில் சாய்ந்திருந்த பாவாயியின் கையில் டம்ளரைக் கொடுத்தார். வழக்கம்போல் அடுப்படிக்குப் போகிறவர், பின்கதவைத் திறந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே வேலிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம்தான் உண்டு. சுண்ணாம்புச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே, செம்பருத்திச் சாயம் கோடு கோடாக வழிந்து ஊதாவாகக் கறுத்திருந்தது. தரையில் காலை டீயின் தோலும் நாரும் கிடந்தன. எறும்பு மொய்த்தது.

அவர் சுவரோடு ஒட்டி நின்றார். உள்ளே கட்டில் முனகியது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு கை வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தது. எலும்பும் நரம்புமான கை. அது நடுங்கியது, விட்டது, மறுபடி வந்து பிடித்தது. இரண்டு தலையணை வைத்து அவர் தூக்கினாலும் எழ முடியாதவள், அந்தக் கம்பியைப் பிடித்துத் தன் உடம்பைத் தானே மேலே இழுத்தாள். அவள் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. குரல் இருந்திருந்தால் அது அலறலாக இருந்திருக்கும்.

டம்ளர் கம்பிக்கு வெளியே வந்தது. சத்தம் கேட்காமல் இருக்க, சுவரோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். அடியில் ஒட்டிய தோலை விரலால் வழித்துப் போட்டாள். டம்ளரை உள்ளே இழுத்து, முந்தானையால் விளிம்பைத் துடைத்தாள். பிறகு கட்டிலில் விழுகிற சத்தம் கேட்டது.

மாரப்பனின் காலடியில் டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது.

அவர் நேரே அந்த அறைக்குப் போகவில்லை. அப்போதும் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குத்தான் போனார். அங்கே ஒரு சொம்பு தண்ணீர் குடித்த பிறகே உள்ளே போனார். பாவாயி வேர்த்திருந்தாள். காலி டம்ளரை நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினாள். அருமை என்று அர்த்தம். டம்ளரை வாங்கிக்கொண்டு அவர் வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் காலை வஞ்சியின் சமையலறையில் அவர் உட்காரவில்லை. பிளாஸ்க்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அவர் அழவில்லை. சொல்லி முடித்ததும் கோபம்தான் வந்தது.

"பிடிக்கலீன்னு தலையை ஆட்டியிருந்தாப் போதாதுங்களா? எதுக்கு அம்மிணி அவ்வளவு வலியில எந்திரிச்சுக் கொட்டோணும்?"

வஞ்சி கேட்டாள். "முன்னாடி அவங்க மிச்சம் வெச்சப்போ நீங்க என்ன செஞ்சீங்க?"

"வேற டீ போட ஓடினேன்."

"டம்ளர் காலியா வந்தப்போ?"

மாரப்பன் நெஞ்சோடு பிடித்திருந்த பிளாஸ்க்கைப் பார்த்தார்.

"இன்னொரு டம்ளர் போட ஓடினேன்."

அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வஞ்சி அதை அணைத்தாள். அவர் கையிலிருந்த பிளாஸ்க்கை மெல்ல வாங்கிக் கழுவி, தன் பாத்திரங்களோடு கவிழ்த்து வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும்."

"இனிமே என்ன டீ போடட்டும் அம்மிணி?"

அவள் அவருடைய வீடு இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள்.

பிளாஸ்க் இல்லாத கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வேட்டியில் துடைத்தார், கட்டிக்கொண்டார், மறுபடி தொங்கவிட்டார். ஆந்திரக் காட்டு ரோட்டில் தனியாக லாரி ஓட்டியபோதுகூட அவர் முகத்தில் இப்படி ஒரு பயம் வந்திருக்காது.

"கையில ஒண்ணும் இல்லாம," என்றார். "கையில ஒண்ணும் இல்லாம அந்த ரூமுக்குள்ள நான் எப்படி அம்மிணி போறது?"

"இதை நீங்க அவங்களுக்குக் குரல் இருந்தப்போ கேட்டிருக்கணும்ண்ணா," என்றாள் வஞ்சி. "போங்க. மூச்சு இன்னும் இருக்குது."